ஆறாம் லயம், நாலாம் இலக்க வீடு

என் மகன் யோகராசாவுக்கு,

இதைப் பார்த்ததும் கோழி கிளறிய தாளை யாரோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்காதே. அப்பாதான் எழுதுகிறேன். என் எழுத்து இன்னும் நேராக நிற்கப் பழகவில்லை. 'ண' எழுதினால் சுழியை எங்கே நிறுத்துவது என்று கைக்குத் தெரிவதில்லை. ஒன்று கூடிவிடுகிறது, இல்லாவிட்டால் ஒன்று குறைந்துவிடுகிறது. வரி இடப்பக்கம் ஒழுங்காகப் புறப்பட்டு, வலப்பக்கம் போகப் போக மேட்டில் ஏறிவிடுகிறது. உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கோடு போட்ட தாள்லயே இப்படின்னா, கோடு இல்லாட்டி கூரையில போயி எழுதுவீங்க போல" என்கிறாள். பொறுத்துக்கொண்டு வாசி. ஒரு பக்கம் முடிப்பதற்குள் ஒரு பின்னேரம் போய்விடுகிறது, விரல் வலிக்கிறது, ஆனாலும் எனக்குப் பேனாவைக் கீழே வைக்க மனம் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் எழுதும் முதல் கடிதம் இது. அதை உனக்கு எழுதுகிறேன், அதுவும் ரிமாண்டில் இருக்கும் உனக்கு எழுதுகிறேன் என்பதில் வருத்தம் இருக்கிறது. எழுதுகிறேன் என்பதில் இருக்கும் சந்தோஷத்தையும் மறைக்க முடியவில்லை.

சனிக்கிழமை உன்னைப் பார்க்க வரும்போது அம்மா இதைக் கொண்டு வருவாள். உனக்கு முன்னால் இதைப் பிரித்து வாசிக்கும் சிறைச்சாலை ஐயாவுக்கு என் வணக்கம். ஐயா, இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. வேண்டுமானால் பக்கத்து மேசைக்காரருக்கும் காட்டுங்கள். வாசிக்க ஆள் கூடக்கூட எனக்குச் சந்தோஷம்தான். தம்பி, நீயும் இதை மடித்து வைத்துக்கொண்டு தனியாக வாசிக்காதே. உன்னோடு இருப்பவர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு. பிணை கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் உன்னைப்போல இன்னும் பல பேர் அங்கே இருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அப்படியென்றால் இந்தக் கடிதம் அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வருகிற திங்கட்கிழமை நீ வெளியே வருவாய். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

அன்றைக்குக் கோர்ட்டில் நடந்ததை நீ கூண்டில் நின்றபடி பார்த்தாய். நான் என்ன செய்தேன் என்பது உனக்குப் பாதிதான் விளங்கியிருக்கும். பெரகல சந்தியில், ஆட்டோக்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், ஹார்ட்வெயார் கடைக்காரர் மகன் வேனைக் குறுக்கே நிறுத்தினான். நீ எடுக்கச் சொன்னாய். அவன் ஒன்று சொன்னான், நீ ஒன்று சொன்னாய், இரண்டு பேரும் சட்டையைப் பிடித்தீர்கள், வேனின் பக்கக் கண்ணாடி உடைந்தது. இரண்டு பேரையும் பொலிஸ் ஒரே ஜீப்பில்தான் ஏற்றிக்கொண்டு போனது. ஒரே நாளில், ஒரே நீதவானுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அந்த நீதவானைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் அவர் பிணை கொடுத்தார், அதுவும் ஒரே பிணை. ஆளுக்கு இரண்டு பிணையாளிகள். அதில் ஒருவர் நெருங்கிய உறவினர். பிணையாளிகள் இரண்டு பேருக்கும் நிரந்தர விலாசம் இருக்க வேண்டும். இவ்வளவுதான். அந்தப் பையனுக்கு அது பகல் சோற்றுக்கு வீட்டுக்குப் போகிற வழியாக இருந்தது. உனக்கு அது பதுளைச் சிறைக்குப் போகிற வழியாகிவிட்டது.

உனக்காக முதலில் முன்னே போனவர் அனீபா நானா. அவர் கடை வாசலில்தானே நீங்கள் ஆட்டோவை நிறுத்துகிறீர்கள். கடைக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறது, வீட்டுக்கு உறுதி இருக்கிறது. அவரை ஒரு வார்த்தை அதிகமாகக் கேட்கவில்லை. அடுத்தது நான். அந்த நாளுக்காக நான் என்னவெல்லாம் செய்து வைத்திருந்தேன் தெரியுமா? கையெழுத்துப் போடப் பழகியிருந்தேன். இவ்வளவு காலமும் எங்கே போனாலும் கட்டைவிரலை மையில் அமுக்கி, தாளில் உருட்டி, மிச்ச மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு வருவதுதான் என் கையெழுத்து. இந்தத் தடவை பேரை எழுதப் போகிறேன் என்று நானா கொடுத்த பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனேன். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. தமிழில் மாற்றிச் சொல்கிறவர் என்னைக் கேட்டார்.

"நீங்க இருக்கிற வீடு ஒங்க வீடா?"

"இல்லைங்க. அது தோட்டத்துத் தொரையோட வீடுங்க. நாங்க சும்மா இருக்கோம்ங்க."

இப்படித்தான் சொன்னேன், தம்பி. யோசித்துச் சொல்லவில்லை. கோட்டுப் போட்ட ஒருவர் கேட்டால் வீடு துரையுடையது, பாதை துரையுடையது, ஆடு மேயும் புல்லும் துரையுடையது என்று சொல்லித்தான் நாங்கள் வளர்ந்தோம். அது மரியாதை என்று எங்களுக்குப் பழக்கியிருந்தார்கள். என் அப்பா அப்படித்தான் சொன்னார், அவருடைய அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்த மரியாதையை நான் கொண்டுபோய்க் கோர்ட்டில் வைத்தேன். மாற்றிச் சொல்கிறவர் ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னார். நீதவான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சொந்தமாக இருப்பிடம் இல்லாத ஆள், சும்மா இருக்கிற ஆள். கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு அடுத்த தவணைக்கு வரட்டும் என்றார். பேனா பையில் இருந்தபடியே வீட்டுக்கு வந்தது. நீ சிறை பஸ்ஸில் பதுளைக்குப் போனாய்.

வாசலில் நானா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "என்னண்ணே, மகனுக்குப் பிணை நிக்கச் சொன்னா நீங்க தொரைக்கு வக்காலத்து வாங்கிட்டீங்களே!" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் பிறகு சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "ஒழுகுற கூரைக்குத் தகரம் வாங்குறப்ப நம்ம வீடு. தரைக்குச் சீமெந்து போடுறப்ப நம்ம வீடு. கோர்ட்டுக்குப் போனா மட்டும் தொர வீடா? அப்ப தொர வந்து அடுப்பு ஊதட்டும்" என்றாள். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் கூடத்தான். நான் தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து ஒன்றை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நீ அந்தக் கண்ணாடியை உடைத்தாயா, அவன் இடித்ததில் அது உடைந்ததா என்று இதுவரை உன்னை யாரும் கேட்கவில்லை. வழக்கு இன்னும் தொடங்கவே இல்லை. உன்னைப் பற்றிக் கேட்டதெல்லாம், உனக்காக நிற்க வருபவன் எங்கே குடியிருக்கிறான் என்பதுதான். நாளைக்கு நீ குற்றம் செய்யவில்லை என்று தீர்ந்தால், நீ உள்ளே இருந்த நாட்களை யார் எடுத்துவந்து கொடுப்பார்கள்? உன் ஆட்டோ லயத்து வீட்டு வரிசையின் கோடியில் மழைப் படங்கு மூடி நிற்கிறது. அதில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு நடந்து போகிறார்கள். கடைக்காரர் மகன் வேனில் அதே பாதையில் போகிறான். அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை, அவன் வீட்டுக்குப் போனதில் எனக்குக் கோபம் இல்லை. அவன் போனதுதான் சரி. நீயும் போயிருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

நமக்காக வருகிற சட்டத்தரணிப் பிள்ளையை உனக்குத் தெரியும்தானே, யாழ்ப்பாணத்துப் பெண், காசு வாங்காமல் பேசுகிறவர். அவரிடம் போய், "எங்களுக்குப் பிணை கிடையாதாம்மா?" என்று கேட்டேன்.

"ஐயா, பிணை குடுக்கிறதுதான் சட்டத்தில முறை. மறிக்கிறதுதான் எப்பவாவது நடக்க வேணும். நீதவானும் குடுத்திட்டார். இப்ப மகனை மறிச்சு வைச்சிருக்கிறது உங்கட விலாசம்."

"விலாசம் இருந்தாத்தானேம்மா அது மறிக்கும்?"

"அதைத்தான் நானும் சொல்லுறன்" என்று அவர் சிரித்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சட்டம் நம்மைப் போன்றவர்களைத் தள்ளி வைக்கவில்லை. உறுதியும் இலக்கமும் உள்ள வீட்டுக்காரர்களை மனதில் வைத்துக்கொண்டு யாரோ நிபந்தனையை எழுதிவிட்டார்கள். நம்மை நினைக்க மறந்துவிட்டார்கள். மறந்தவர்களுக்கு நினைவுபடுத்தலாம்தானே? அது நடக்கக்கூடிய காரியம்.

சான்றிதழுக்குக் கிராம சேவகரிடம் போனேன். புதிதாக வந்திருக்கும் சிங்கள அம்மா, நோனா என்றுதான் கூப்பிடுகிறோம், தமிழ் கொஞ்சம் பேசுவார். வீட்டு இலக்கம் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப கடிதம் எப்பிடி வரும்?" என்றார். "தோட்டத்து ஆபீசுக்கு வரும் நோனா. அங்க இருந்து மேல வர்ற யாராவது கொண்டு வருவாங்க. மறந்தா அடுத்த கெழம வரும்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். அந்தத் தோட்டத்தில் இருக்கும் அத்தனை சனத்துக்கும் ஒரே விலாசம், அதில் இவர் எந்த வாசலில் இருக்கிறார் என்று தான் எப்படி எழுதுவது என்றார். ஆபீசில் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். ஆபீசில் கிளாக்கர், "ஒங்க பேரு செக்ரோல்ல இல்லையே. நீங்க பென்சன்காரரு. வேலைக்காரங்க பேருல இல்லாத ஆளு இங்க குடியிருக்காருன்னு நான் எப்படி எழுதுறது? தொர வரட்டும்" என்றார். துரை லீவில் போயிருந்தார். யாருக்கு நான் கோர்ட்டில் வீட்டைத் தூக்கிக் கொடுத்தேனோ, அந்த மனுஷன் கடலோரத்தில் காற்று வாங்கிக்கொண்டிருந்தார். நான் பிறந்த இந்த ஒற்றை அறைக் காம்பராவில் நான் இருக்கிறேன் என்று சொல்ல அன்றைக்கு இந்த மலையில் ஆள் இல்லை.

அந்தப் பின்னேரம் எழுத்து வகுப்புக்குப் போனேன். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைத் தாய்மார் கூட்டிக்கொண்டு போன பிறகுதான் எங்கள் வகுப்பு என்று உனக்குத் தெரியும். அந்தக் குழந்தைகளின் நாற்காலியில்தான் நாங்கள் கிழடுகள் உட்கார்ந்து படிக்கிறோம். முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். சரஸ்வதி டீச்சர், "என்ன தாத்தா, இன்னிக்கு அட்டை கடிச்ச மாதிரி மொகத்த வச்சிருக்கீங்க?" என்றது. சொன்னேன். எல்லோரும் கேட்டார்கள். அந்தப் பிள்ளை சோக்கைக் கீழே வைத்துவிட்டு, "டவுன்ல வீடுகளுக்கு நம்பரு வானத்துல இருந்தா விழுந்துச்சு? யாரோ ஒரு ஆளு எழுதுனதுதானே? நமக்குத்தான் இப்ப எழுதத் தெரியுமே" என்றது. கோவில் கதவுக்கு அடித்து மிஞ்சிய நீல நிறப் பூச்சு இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஆறாம் லயத்துக்கு நடந்தோம்.

நடந்ததைப் பார்க்க நீ இல்லையே என்று எனக்குக் குறை. எந்தக் கோடியிலிருந்து எண்ணத் தொடங்குவது என்று பெரிய சண்டை வந்துவிட்டது. கோவில் பக்கத்துக் காம்பராக்காரர், சாமிக்குப் பக்கத்தில் இருப்பதால் தான்தான் ஒன்று என்றார். மற்றக் கோடியில் இருக்கும் மாரியாயி விடவில்லை. "நீ சாமிக்குப் பக்கத்துலயா இருக்க? சாராயக் கடைக்குப் பக்கத்துலல்ல இருக்க!" என்றாள். கடைசியில் உன் அம்மாதான் தீர்த்து வைத்தாள். "பீலிப் பக்கத்துல இருந்து எண்ணுங்க. காலையில எந்திரிச்சா எல்லாரும் மொதல்ல தண்ணிக்குத்தானே ஓடுறோம்" என்றாள். தண்ணீர்ப் பீலி என்றதும் எல்லோரும் அங்கிருந்தே எண்ணத் தொடங்கினோம். அவரவர் கதவில் அவரவர் எழுதினோம். மாரியாயி ஒன்றைப் போட்டுவிட்டு, பேரை எழுதிவிட்டு, மிச்சம் இருந்த இடத்தில் தன் ஆட்டின் பேரையும் எழுதப் பார்த்தாள், டீச்சர் தடுத்துவிட்டது. நம் வீட்டுக்கு நாலு வந்தது. நாலின் கோடு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஆனால் கீழ் ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும்.

அடுத்த நாள் நானும் அம்மாவும் மறுபடியும் கிராம சேவகரிடம் போனோம். இலக்கம் போட்டாயிற்று என்றேன். அதை யார் கொடுத்தது என்று கேட்டார். நாங்களே என்றேன். நாங்களாகப் போட்ட இலக்கத்தை வைத்து எதையும் எழுத முடியாது என்று தொடங்கினார். அம்மா முந்திக்கொண்டாள். "நோனா, எலக்சன் வந்தா ஓட்டுச் சீட்டு எங்க லயத்துக்கு வருதுங்களே. ஓட்டுக் கேக்குறவங்களும் எங்க காம்பரா வாசல்ல வந்து கும்புடுறாங்க. அவங்களுக்கெல்லாம் எப்படிங்க வழி தெரியுது?" நோனா மேசையைப் பூட்டினார். பிறகு குடையை எடுத்தார். "வாங்க, நான் வந்து பாக்குறேன்" என்றார்.

மழைத் தூறலில் அந்த மேடெல்லாம் ஏறி வந்தார். காலில் அட்டை ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை. மாரியாயிதான் சுண்ணாம்பு வைத்து எடுத்துவிட்டாள். நம் கதவுக்கு முன்னால் நின்று, அந்தச் சாய்ந்த நாலைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "ஐயா, இது யார் வீடு?"

தம்பி, உண்மையைச் சொல்கிறேன். நாக்கு 'தொ' என்று தொடங்கிவிட்டது. உள்ளே அம்மா செருமினாள். நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "எங்க வீடு நோனா" என்றேன். அவ்வளவுதான், இரண்டு சொல். ஆனால் சொல்லிவிட்டு நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டில் விசாரித்தார், இவர் இங்கேதான் இருக்கிறாரா என்று. "இவரு இருமுறது எங்க வீட்டுல கேக்குது நோனா. ஒரு நாள் இவரு வெளியூரு போனா நாங்க நிம்மதியா தூங்குவோம்" என்றார்கள். தான் கண்ணால் கண்டதை எழுதுவதற்கு யாருடைய கடிதமும் தேவையில்லை என்று சொல்லி, எங்கள் வாங்குப் பலகையிலேயே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார். எல்லா லயத்துக்கும் முறைப்படி இலக்கம் கொடுக்கச் சொல்லிப் பிரதேச சபைக்கு எழுதப் போவதாகவும் சொன்னார். அடுத்த நாள் சான்றிதழ் கையில் வந்துவிட்டது. அதை நான் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்தேன். ஆறாம் லயம், நாலாம் இலக்க வீடு என்று இருக்கிறது. நானாவிடம் காட்டினேன். "இப்ப நீங்க என்னைவிடப் பெரிய ஆளுண்ணே. என் கடைக்குக்கூட இவ்வளவு அழகா நம்பர் இல்ல" என்றார்.

இந்தப் பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று பட்டது. பிணை எதற்கு? கூப்பிட்ட நாளில் ஆள் திரும்பி வருவான் என்பதற்குத்தானே. அப்படியானால் லயத்துக்காரனைவிட நம்பகமான ஆள் யார்? ஒரே கூரைக்குக் கீழே இவ்வளவு குடும்பம் இருக்கிறோம். தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும். ஒருவன் இரண்டு நாள் கண்ணில் படாவிட்டால் லயமே தேடும். வீட்டுக்கு உறுதி வைத்திருக்கிறானா என்று கேட்பதற்குப் பதிலாக, இவன் காணாமல் போனால் தேடிப் போக யார் இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இருக்கிறது. நான் இதைச் சட்டத்தரணிப் பிள்ளையிடம் சொன்னேன். அடுத்த தடவை நீதவானுக்கு முன்னால் இதையே தன் சொல்லில் சொல்லப் போவதாகச் சொன்னார்.

தேடிப் போவது என்றதும் அந்த பஸ் கதை நினைவுக்கு வருகிறது. எழுத்துத் தெரியாத காலத்தில் நான் பதுளைக்குப் போகப் புறப்பட்டு, பெரகல சந்தியில் பஸ்ஸின் நிறத்தை வைத்து ஏறினேன். கொண்டக்டர் "மொனராகலையா?" என்று சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. விளங்காததற்கெல்லாம் தலையாட்டுவது நம் பழக்கம், ஆட்டினேன். மலையெல்லாம் இறங்கி, கம்பளிக் கோட்டோடு அந்தக் கரும்புக்காட்டு வெயிலில் போய் இறங்கி, அங்கே யாரோ ஒரு புண்ணியவானின் போனில் உன்னைக் கூப்பிட்டேன். நீ ஓட்டத்தை விட்டுவிட்டு அவ்வளவு தூரமும் ஆட்டோவில் இறங்கி வந்தாய். ஒரு வார்த்தை திட்டவில்லை. "என்னப்பா, கரும்பு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, என் கோட்டை வாங்கி மடித்து வைத்தாய். திரும்பி வரும் வழியெல்லாம் கடைப் பலகைகளை எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டு வந்தாய். அடுத்த கிழமை நான் வகுப்பில் சேர்ந்தேன். இப்போது அதே சந்தியில் நின்று வெல்லவாய, மொனராகலை, பதுளை என்று எல்லாப் பலகையையும் சத்தமாக வாசிக்கிறேன். நானா கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். அன்றைக்கு நீ என்னைத் தேடி வந்தாய். திங்கட்கிழமை என் முறை.

அதனால் சொல்கிறேன், கோர்ட்டில் விளங்காததற்குத் தலையாட்டாதே. மாற்றிச் சொல்கிறவர் வேகமாகச் சொன்னால், "புரியலைங்க, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேள். அது மரியாதைக் குறைவு இல்லை. நான் மரியாதை என்று நினைத்துச் சொன்ன சொல் உன்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தாய்தானே. கேட்டதற்கு உள்ளதைச் சொல். நீ சட்டையைப் பிடித்தது உண்மை, அதையும் சொல். சந்திக்குத் திரும்பிப் போகிற நாளில் அந்தப் பையனைக் கண்டால் முறைக்காதே. நிறுத்த இடம் கேட்டுச் சண்டை பிடிக்காமல், நானாவைக் கூப்பிட்டுச் சொல். கோபம் உனக்கு என்னிடமிருந்து வந்ததில்லை, அம்மாவிடமிருந்து வந்தது; ஆனால் அவள் அதை எங்கே எடுப்பது, எங்கே வைப்பது என்று தெரிந்தவள். அதையும் அவளிடம் கற்றுக்கொள்.

உன்னோடு இருக்கும் முனியாண்டி அண்ணனைப் பற்றி அம்மா வந்து சொன்னாள். மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர், பிணை கிடைத்தும் யாரும் வராததால் உன்னைவிட நெடுங்காலமாக அங்கே இருப்பவர். நானா கடைக்குச் சாமான் ஏற்றும் லொறி மொனராகலைக்குப் போகிறது. டிரைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் விசாரித்து முனியாண்டி அண்ணனின் மைத்துனரைக் கண்டுபிடித்துவிட்டார். அவர்கள் மறக்கவில்லையாம். பிணை கிடைத்ததே அவர்களுக்குத் தெரியாதாம். தெரிந்திருந்தாலும் அவர்களும் யாரோ ஒருவருடைய காணியில் கொட்டில் போட்டு இருப்பவர்கள்தான். நம் சட்டத்தரணிப் பிள்ளையிடம் இதைச் சொன்னேன். பிணையாளி கிடைக்காதவருக்கு நிபந்தனையை மாற்றி, அவருடைய சொந்த வாக்கிலேயே விடச் சொல்லி நீதவானைக் கேட்கலாம் என்றார். அதற்கு அவர் முதலில் வாய் திறந்து கேட்க வேண்டும். முனியாண்டி அண்ணே, இதை யோகராசா வாசிக்க நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் சனம் உங்களைத் தேடுகிறது. அந்தச் சட்டத்தரணிப் பிள்ளை வரும்போது கையைத் தூக்குங்கள். தலையை மட்டும் ஆட்டாதீர்கள்.

தம்பி, பேனா பழையபடி சட்டைப் பையில் இருக்கிறது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நானும் நானாவும் புறப்படுகிறோம். வீடு யாருடையது என்று மறுபடியும் கேட்டால், எங்கள் வீடு என்று சொல்வேன். அம்மாவுக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாயிற்று. இப்போது நாக்கு தடுமாறுவதில்லை. பிறகு கையெழுத்துப் போடுவேன். அவசரப்பட மாட்டேன். நீதவான் காத்திருக்க வேண்டி வந்தால் காத்திருக்கட்டும். என் வாழ்க்கையின் முதல் கையெழுத்தை நீ திரும்பி வருவாய் என்பதன் மேல் போடுகிறேன். அதனால் ஒவ்வொரு தவணைக்கும் நேரத்துக்குப் போய் நில். அந்த நாட்களில் ஓட்டம் எவ்வளவு வந்தாலும் வேண்டாம்.

அடுத்த கிழமை இரண்டு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. ஒன்று முனியாண்டி அண்ணனுக்கு. அதுவரை அவருக்கு வழி பிறக்காவிட்டால், யாருடைய கடிதமும் வராத ஆளாக அவர் அங்கே இருக்கக் கூடாது. மற்றது உனக்கு. நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாய், நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்ப்பாய், ஆனாலும் எழுதுவேன். உறையின் மேல் உன் பேரை எழுதி, ஆறாம் லயம், நாலாம் இலக்க வீடு என்று எழுதி, பெரகல தபால் பெட்டியில் என் கையாலேயே போடுவேன். தபால்காரர் அதை ஆபீசில் விட்டுவிட்டுப் போகாமல், பீலியடியிலிருந்து எண்ணிக்கொண்டு மேலே வந்து, அந்தச் சாய்ந்த நாலைப் பார்த்து, நம் கதவைத் தட்ட வேண்டும். தட்டும்போது நான் எழும்ப மாட்டேன். நீ போய்த் திற.

உன் அப்பா